கடற்படைப் பில்லும் கடைக்காரர் பொறுமையும்

நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய தோட்டப்புறப் பள்ளிக்கு எழுதுபொருள்களும் பயிற்றுநூல்களும் தந்துவந்த கடைக்காரர் ஒருவர், மாதம் ஒருமுறை தம் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து அலுவலக வாசலில் நிற்பார். "பணத்துக்காக வரவில்லை ஐயா, இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்" என்று தலைமையாசிரியரிடம் கூறுவார். அவர் பணத்துக்காகத்தான் வந்தார் என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பள்ளித் தோட்டக்காரருக்கும் தெரியும். ஜனவரியில் அவர் இறக்கிவைத்த நோட்டுப் புத்தகங்களில் மாணவர்கள் பாதிப் பக்கங்களை எழுதி முடித்திருந்தனர். மானியமோ இன்னும் வந்து சேரவில்லை. தலைமையாசிரியர் தேநீர் வரவழைப்பார். கடைக்காரர் அதைக் குடித்துவிட்டு, "அரசாங்கப் பணம் எங்கே போய்விடும்?" என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொண்டு புறப்படுவார். அவருக்குப் பணம் கிடைத்தபோது ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டது. மறு ஆண்டு அவர் குறித்துத் தந்த விலைகள் யாவும் சற்றுக் கூடியிருந்தன. தலைமையாசிரியர் காரணம் கேட்கவில்லை.

அரசாங்கம் ஓடிப்போவதில்லை, பணமும் ஓடிப்போவதில்லை, உண்மைதான். ஆனால் காலம் ஓடிவிடுகிறது. அந்த ஓட்டத்திற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் வரலாற்று நூல்களைப் படிக்கும் பழக்கம் எனக்கு வாய்த்தபோது, அந்தக் கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் ஓசை முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இலண்டன் மாநகரிலும் கேட்பதை உணர்ந்தேன். நம் பாடநூல்கள் அரசர்கள் போர் தொடுத்ததைச் சொல்கின்றன. வென்றதையும் தோற்றதையும் சொல்கின்றன. அந்தப் போருக்குக் கயிறு விற்றவர் யார், தார் விற்றவர் யார், அவர்களுக்குப் பணம் எப்போது கிடைத்தது என்று சொல்வதில்லை. சொல்லியிருந்தால் ஒரு பேரரசு தன் துறைமுகத்திலேயே மானமிழந்த கதையை நம் மாணவர்கள் இன்னும் தெளிவாக அறிந்திருப்பர்.

இங்கிலாந்தில் 1660ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அவ்வாண்டிலேயே தையற்காரர் ஒருவரின் மகனான சாமுவேல் பீப்ஸ் என்பவர் கடற்படைச் சபையின் எழுத்தராக அமர்த்தப்பட்டார். (ஆங்கில எழுத்துகளைக் கண்டு மாணவர்கள் 'பெப்பிஸ்' என்று படிப்பர், பீப்ஸ் என்பதே வழக்கு.) எழுத்தர் என்றால் நம் அலுவலகங்களில் மூலையில் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவை எண்ணிக்கொள்ளலாகாது. சபையின் கடிதங்கள், ஒப்பந்தங்கள், பில்கள் எல்லாம் அவர் கைவழியே சென்றன. 1660 முதல் 1669 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பு இன்று உலகப் புகழ் பெற்றது. அதில் காதலும் உண்டு, கொள்ளைநோயும் உண்டு, 1666ஆம் ஆண்டின் பெருந்தீயும் உண்டு. அதைப் படிப்போர் பெரும்பாலும் இவற்றைத்தான் தேடிப் படிக்கின்றனர். ஆனால் பக்கத்திற்குப் பக்கம் அந்த நாட்குறிப்பில் ஓடிக்கொண்டிருப்பது பணமில்லாத ஓர் அலுவலகத்தின் பெருமூச்சு.

அக்காலத்தில் கடற்படைக்குச் சரக்கு விற்ற வணிகர் பணம் பெறும் வழி இது. முதலில் சபையோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பாய்மரத்தையோ சணலையோ கப்பல் கட்டும் தளத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அங்குள்ள பண்டகசாலை அலுவலர் அளந்து, தரம் பார்த்து, சான்று எழுதித் தர வேண்டும். அச்சான்றைச் சபையில் காட்டினால் சபையினர் ஒப்பமிட்டு ஒரு பில் எழுதித் தருவர். அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு கடற்படைப் பொருளாளரிடம் செல்ல வேண்டும். அவரிடம் பணம் இருந்தால் கொடுப்பார். இல்லையென்றால் இல்லை. முறையில் குறையொன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்கை ஒருவர் பெறுகிறார், வேறொருவர் ஒப்புகிறார், மூன்றாமவர் பணம் தருகிறார். இன்று நம் பள்ளி அலுவலகத்தில் நாம் பின்பற்றும் முறையும் ஏறக்குறைய இதுதான். முறை சரியாக இருந்தும் பெட்டி காலியாக இருந்ததே அங்கு நேர்ந்த கேடு.

பெட்டி ஏன் காலியாக இருந்தது? 1665இல் டச்சுக்காரர்களுடன் போர் மூண்டது. அதற்கென நாடாளுமன்றம் 25 இலட்சம் பவுன் வழங்க இசைந்தது. அதற்கு முன் எந்த மன்னரும் கண்டிராத தொகை அது. ஆனால் அத்தொகை மூன்றாண்டுக் காலத்தில் சிறிது சிறிதாக வரியாகத் திரண்டு வர வேண்டியது. போரோ மூன்றாண்டு காத்திருக்கவில்லை. இன்று வேண்டிய கயிற்றுக்கு நாளை மறுநாள் வரப்போகும் வரியைக் காட்டி வாங்க வேண்டியிருந்தது. தோட்டத்து மளிகைக் கடையில் 555 நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதிச் சம்பள நாளைக் காட்டி அரிசி வாங்கிய நம் பெற்றோர்க்கு இது புதிய செய்தியன்று. வேறுபாடு ஒன்றுதான். சம்பள நாள் எது என்று அவர்களுக்குத் தெரியும். மன்னரின் வணிகர்களுக்குத் தெரியாது.

கருவூலத்தின் கடன் குறிப்பும் அப்போது ஒரு விந்தையான பொருளாக இருந்தது. காகிதத்தோடு மரக்கோலும் வழங்கிவந்தது. ஹேசல் என்னும் மரத்தின் குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுக்குறிகள் இடுவர். உள்ளங்கை அகல வெட்டு ஆயிரம் பவுன். கட்டைவிரல் அகலம் நூறு. சுண்டுவிரல் அகலம் இருபது. பருத்த வாற்கோதுமை மணியளவு ஒரு பவுன். பிறகு கோலை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைப் பணம் தந்தவரிடமும் மறு பாதியைக் கருவூலத்திலும் வைப்பர். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பொய் சொல்ல இயலாது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்ட இவ்வழக்கம் 1826 வரை நீடித்தது. தேங்கிக் கிடந்த கோல்களை 1834இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது தீ பரவி நாடாளுமன்றமே சாம்பலாயிற்று. கணக்குகளை எரிப்பதால் வரும் கேட்டிற்கு இதைவிடப் பெரிய சான்று நான் கண்டதில்லை. இது இடையில் வந்த கதை. மீண்டும் பீப்ஸிடம் செல்வோம்.

பணம் வராது என்று தெரிந்த வணிகர் என்ன செய்வார்? அறவுரை கூறமாட்டார்; விலையை உயர்த்துவார். கையில் காசு தருபவனுக்கு 100 பவுனுக்கு விற்கும் மரத்தை, ஓராண்டோ ஈராண்டோ கழித்துத் தரப்போகும் அரசுக்கு 120க்கோ 130க்கோ விற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த மிகுதி வணிகரின் பேராசை மட்டுமன்று. அவரும் தமக்குச் சரக்கு அனுப்பிய நார்வே நாட்டு மரவணிகருக்குப் பணம் தர வேண்டும். அதற்காக வட்டிக்கு வாங்க வேண்டும். எனவே அரசு தராமல் வைத்திருந்த பணத்திற்கு அரசே வட்டியும் கட்டியது. கணக்கில் அது வட்டி என்று தோன்றவில்லை. மரத்தின் விலை என்று தோன்றிற்று. தாமதத்தின் செலவு எந்தக் கணக்கேட்டிலும் தனித் தலைப்பில் வருவதில்லை. தணிக்கையாளர் கண்ணுக்கு அது எளிதில் புலப்படாமைக்கு இதுவே காரணம்.

விலையை உயர்த்துவது ஒரு வழி. மற்றொரு வழி வரிசையில் முந்துவது. சர் வில்லியம் வாரன் என்னும் பெருமர வணிகர் 1664 பிப்ரவரியில் பீப்ஸின் மனைவிக்கென்று ஒரு சோடிக் கையுறைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டிற்குச் சென்று பிரித்துப் பார்த்தபோது கையுறைக்குள் 40 பொற்காசுகள் இருந்தன. பீப்ஸ் தம் மகிழ்ச்சியை ஒளிவுமறைவின்றி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சில மாதங்களில் பாய்மரங்களுக்கான ஒரு பெரிய ஒப்பந்தம் வாரனுக்குக் கிடைத்தது. ஒப்பந்தம் நாட்டுக்கு நன்மையானது என்று பீப்ஸ் உண்மையாகவே நம்பினார். அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. பதவியேற்றபோது நூறு பவுனுக்கு வழியில்லாதிருந்தவர் 1666 முடிவில் 6,000 பவுனுக்கு மேல் சொத்துடையவராக இருந்தார். "அப்படியானால் அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கடுமையாக உழைத்தார், அளவுகோலைத் தாமே கையிலெடுத்து மரம் அளக்கக் கற்றார், தரக்குறைவான சரக்கைத் திருப்பி அனுப்பினார், அன்பளிப்பும் வாங்கினார் என்பதே என் விடை. எல்லாருக்கும் உரிய நாளில் பணம் கிடைக்கும் இடத்தில் கையுறைக்குள் காசு வைக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

பெருவணிகருக்கு விலையுயர்த்தும் வழியாவது இருந்தது. உழைப்பை விற்ற மாலுமிக்கு அதுவும் இல்லை. ஈராண்டு மூவாண்டு கடலில் இருந்து திரும்பியவனுக்குக் காசுக்கு மாறாகச் சம்பளச் சீட்டு ஒன்று தரப்பட்டது. அதை மாற்றப் பணமில்லை. பசித்தவன் அதைச் சாராயக் கடைக்காரரிடமும் சீட்டுத் தரகரிடமும் அரை விலைக்கும் முக்கால் விலைக்கும் விற்றான். 1665 அக்டோபரில் அலுவலகத்தைச் சுற்றித் தெருவில் பசியால் விழுந்து கிடந்த மாலுமிகளின் புலம்பலால் வேலை செய்ய இயலவில்லை என்று பீப்ஸ் குறித்திருக்கிறார். 1666 ஜூலையில், டச்சுக்காரரிடம் சிறைப்பட்டிருந்த மாலுமிகளின் மனைவியர் முற்றத்தில் திரண்டு நின்று பணம் கேட்டு அழுதனர், ஏசினர். பீப்ஸுக்கும் அழுகை வரும்போல இருந்தது. மற்றவர்கள் சென்ற பின் ஒரு பெண்ணைத் தனியே அழைத்துத் தம் சொந்தப் பணத்தில் சிறிது கொடுத்தார். அவள் வாழ்த்திவிட்டுச் சென்றாள். அலுவலர் ஒருவர் தம் பையிலிருந்து கொடுத்த சில காசுகள் நம் நெஞ்சைத் தொடுகின்றன. எனினும் அவளுக்கு உரியது இரக்கமன்று, கூலி. அதே ஆண்டு நவம்பரில் பணமில்லாக் கொடுமையை விரித்து, கடற்படைத் தலைவராக இருந்த மன்னரின் தம்பிக்கு நீண்ட கடிதமொன்றைச் சபை அனுப்பியது. கடிதம் சென்றது, பணம் வரவில்லை.

இக்குழப்பத்திற்கு மருந்து கண்டவர் ஒருவர் இருந்தார். சர் ஜார்ஜ் டவுனிங் என்பது அவர் பெயர். இன்று பிரிட்டிஷ் பிரதமரின் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவிற்குப் பெயர் தந்தவர் அவரே. அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரி 1642இல் முதன்முதலாகப் பட்டமளித்த ஒன்பதின்மருள் ஒருவர். பீப்ஸ் இளமையில் இவரிடம் எழுத்தராக இருந்தவர்; இவரைக் கயவர் என்று நாட்குறிப்பில் திட்டியவர். குணத்தில் கருமியும் நன்றி மறந்தவருமான டவுனிங், டச்சு நாட்டில் தூதராக இருந்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். அந்தச் சின்னஞ்சிறு நாடு குறைந்த வட்டிக்குக் கடன் பெறுகிறது. ஏனெனில் சொன்ன நாளில் சொன்னபடி கொடுக்கிறது. 1665 அக்டோபரில் மேலும் 12½ இலட்சம் பவுன் வழங்கும் சட்டம் வந்தபோது டவுனிங் அதில் ஒரு விதியைப் புகுத்தினார். அப்பணம் போருக்கேயன்றி வேறெதற்கும் செலவாகலாகாது. கடன் தந்தவருக்கும் சரக்குத் தந்தவருக்கும் எண்ணிட்ட ஆணைச்சீட்டு தரப்படும். முதல் எண்ணுக்கு முதலில் பணம், இரண்டாம் எண்ணுக்கு அடுத்துப் பணம். பிரபுவின் நண்பரென்று யாரும் இடையில் புகக் கூடாது. காத்திருக்கும் காலத்திற்கு நூற்றுக்கு ஆறு வட்டி. சீட்டைப் பிறருக்கு மாற்றித் தரவும் செய்யலாம். கருவூலப் பதிவேட்டை எவரும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மருந்தகத்திலும் வங்கியிலும் இன்று எண் சீட்டு எடுத்துக்கொண்டு அமர்கிறோமே, அதனுள் இருக்கும் அறம் இந்த விதியிலும் இருக்கிறது. காத்திருப்பது கொடுமையன்று, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று தெரியாமலிருப்பதே கொடுமை. தலைமை அமைச்சராக இருந்த கிளாரண்டன் பிரபு இவ்விதியைக் கடுமையாக எதிர்த்தார். மன்னர் தம் விருப்பப்படி ஒருவருக்குக் கொடுத்து ஒருவரை நிறுத்திவைக்கும் உரிமை பறிபோகிறதே என்பது அவர் கவலை. அவர் அஞ்சியது முற்றிலும் சரி. அந்த உரிமை பறிபோக வேண்டியதுதான்.

ஆனால் மருந்து வேலை செய்யுமுன் நோய் முற்றிவிட்டது. 1667இல் பணமில்லாமையால் இங்கிலாந்து தன் பெருங்கப்பல்களைக் கடலுக்கு அனுப்பாமல் மெட்வே ஆற்றில் கட்டிவைத்தது. ஜூன் மாதத்தில் டச்சுக் கப்பல்கள் ஆற்றில் புகுந்தன. குறுக்கே கட்டியிருந்த சங்கிலியைத் தாண்டின. சேத்தம் தளத்தருகே பல கப்பல்களை எரித்தன. மன்னரின் பெயர் தாங்கிய 'ராயல் சார்லஸ்' என்னும் கப்பலைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அதன் பின்புறச் சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த டச்சுக் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளும் இருந்தனர் என்பதே இதில் நெஞ்சைச் சுடும் செய்தி. முன்பு சீட்டுக்காகச் சண்டையிட்டோம், இப்போது வெள்ளிக் காசுக்காகச் சண்டையிடுகிறோம் என்று அவர்கள் உரக்கக் கூறியதாகக் கேட்டவர்கள் பீப்ஸிடம் தெரிவித்தனர். இலண்டனின் வாப்பிங் தெருக்களில் மாலுமிகளின் மனைவியர், எங்கள் கணவர்களுக்குக் கூலி கொடாததால் வந்த வினை இது என்று கூவினர்.

அந்நாள்களில் பீப்ஸ் செய்ததையும் சொல்ல வேண்டும். தம் தந்தையையும் மனைவியையும் 1,300 பவுன் மதிப்புள்ள பொன்னோடு ஊருக்கு அனுப்பித் தோட்டத்தில் புதைக்கச் சொன்னார். அரசின் பில்லில் ஒப்பமிடும் கையே அரசை நம்பவில்லை. பொற்கொல்ல வங்கியரிடம் மக்கள் நூற்றுக்கணக்கில் முண்டியடித்தபோது, இருபது நாள் கழித்து வாருங்கள் என்று அவர்கள் விடை தந்தனர். அவ்வாண்டு ஜூலையில் பிரேடா நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. நியூயார்க் ஆங்கிலேயர்க்கும், நம் அண்டையிலுள்ள பண்டா தீவுக்கூட்டத்தின் ஜாதிக்காய்த் தீவான ரன், டச்சுக்காரர்க்கும் என்று அதில் உறுதியாயிற்று. நம் கடல்களின் வரலாற்றுக்கும் அந்தச் சம்பளச் சீட்டுகளுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

பின்னர் நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. சீட்டு கொடுத்தது யார் குற்றம் என்பது கேள்வி. 1668 மார்ச் 5ஆம் நாள் பீப்ஸ் மன்றத்தின் முன் நின்று மூன்று மணி நேரத்திற்கு மேல் பேசினார். பேசச் செல்லுமுன் அச்சம் தெளியச் சிறிது மதுவருந்தினார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். பேச்சு பெரும் பாராட்டைப் பெற்றது. பணம் இல்லாதபோது சீட்டுக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். நாவன்மைக்கு எடுத்துக்காட்டாக அதைக் கொள்ளலாம். சீட்டை அரை விலைக்கு விற்றவன் அந்த மன்றத்தில் இல்லை.

டவுனிங்கின் எண்ணிட்ட சீட்டுகளுக்கு மதிப்பு வளர்ந்தது. மதிப்பு வளரவே, கையில் இல்லாத பணத்திற்கும் சீட்டு எழுதும் ஆசை வளர்ந்தது. 1672 ஜனவரியில் மன்னர் தம் கருவூலச் சீட்டுகளுக்குப் பணம் தருவதை நிறுத்திவைத்தார். மீண்டுமொரு டச்சுப் போருக்குப் பணம் வேண்டியிருந்தது. ஓராண்டு என்று சொல்லித் தொடங்கிய நிறுத்தம் அது. பொற்கொல்ல வங்கியர்களுக்கு வர வேண்டியது 10 இலட்சம் பவுனுக்கு மேல். அவர்களை நம்பிப் பணம் வைத்திருந்த எளியோரும் அதில் சிக்கினர். மன்னரின் முடிசூட்டு அணிகளைச் செய்து தந்த சர் இராபர்ட் வைனரும், எட்வர்டு பேக்வெல்லும் பின்னாளில் நொடித்துப் போயினர். வழக்கு மேல்சபை வரை சென்றது. 1701இல் ஏற்பட்ட தீர்வின்படி நூற்றுக்கு மூன்று வட்டி மட்டும், அதுவும் 1705 முதல் தரப்பட்டது. ஓராண்டு என்று சொன்னது முப்பத்து மூன்றாண்டாயிற்று.

அடுத்த தலைமுறையில் ஸ்பானிய அரியணைப் போர் வந்தது. கடற்படைப் பில்கள் மீண்டும் குவிந்தன. சந்தையில் பெருங்கழிவில் விற்றன. 1711இல் இராபர்ட் ஹார்லி என்னும் அமைச்சர் ஒரு வழி கண்டார். நிலுவையாயிருந்த 90 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட பில்களை வைத்திருந்தவர்கள், பணத்துக்குப் பதிலாகப் புதிய தென்கடல் நிறுவனத்தின் பங்குகளைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். இறைச்சியும் பாய்த்துணியும் விற்றவர் கையில் பங்குப் பத்திரம் வந்தது. பலர் அதற்கு முன்பே தம் பில்களைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டனர். விவரம் முன்கூட்டித் தெரிந்தவர்கள் வாங்கிக்கொண்டனர். அந்த நிறுவனத்தின் பங்கு 1720 தொடக்கத்தில் 130 பவுன் அளவிலிருந்து கோடையில் 1,000 பவுனை எட்டி, ஆண்டு முடிவதற்குள் 200க்கும் கீழே வீழ்ந்தது. 'தென்கடல் குமிழி' என்று பொருளியல் மாணவர்கள் படிக்கும் அந்தப் பெருவீழ்ச்சியின் வேரைத் தோண்டினால், உரிய காலத்தில் பணம் பெறாத சரக்குக்காரர்களின் பில்கள் கிடைக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு முழுதும் கடற்படைப் பில்கள் எண் வரிசையிலேயே பணமாயின. ஆறு மாதத்திற்கு மேல் காத்திருந்தால் வட்டி உண்டு. வட்டி உண்டென்பதால் வணிகர் துணிந்து சரக்குத் தந்தனர். பிரிட்டன் பெருங்கடற்படையைக் கட்டியது. நாள் குறிப்பிட்டு 90 நாளில் தரும் முறை 1790களில் வந்தது. அதன் பின் 1866இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது கருவூல, தணிக்கைத் துறைச் சட்டம் நிறைவேறிற்று. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை ஒதுக்கிய காரியத்திற்கே செலவிட்டார்களா என்று பார்க்கத் தலைமைத் தணிக்கையாளர் பதவி ஏற்பட்டது. ஆண்டு முடிந்ததும் செலவாகாத பணம் திரும்பிப் போக வேண்டும் என்ற ஒழுங்கும் வலுப்பெற்றது.

இந்த ஒழுங்கு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டமும் தணிக்கைச் சட்டமும் அந்த மரபின் பிள்ளைகளே. கருவூல ஆணைகளில் 103ஆம் ஆணையைத் தலைமையாசிரியர்கள் அறிவர். பில்லை உடனே செலுத்த வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 14 நாள்களுக்கு மேற்படலாகாது. முன்பு 30 நாள் என்றிருந்த தவணை 14 ஆகக் குறைக்கப்பட்டது. நல்ல விதி. ஆயினும் 'கிடைத்த நாள்' என்பது எது? பில்லின்மேல் நாள் முத்திரை குத்தப்படும் நாள். முத்திரை மேசை இழுப்பறையில் உறங்கினால் பதினான்கு நாளும் உறங்கும். சரக்கு வந்த பின் ஒரு கையெழுத்து விடுபட்டதென்று பில்லைத் திருப்பியனுப்பினால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். விதியை மீறாமலே ஒரு மனிதரை மூன்று மாதம் அலைக்கழிக்க முடியும். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. நானும் ஒருமுறை அப்படியொரு பில்லைத் திருப்பியனுப்பியவன். விடுபட்டிருந்தது என்னுடைய கையெழுத்துத்தான் என்பதைப் பிறகே கண்டேன்.

ஆண்டிறுதிக் காட்சியும் ஆசிரியப் பெருமக்களுக்குப் பழக்கமானதே. டிசம்பர் வந்தால் மீதிப் பணம் திரும்பிவிடுமே என்ற அச்சத்தில் அவசர அவசரமாக வாங்குகிறோம். அவ்வேளையில் தவறிப்போன பில் மறு ஆண்டுக்குச் சென்றால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்; பழைய ஆண்டின் கடன் என்று அது கோப்பேறிவிடும். சரக்குத் தந்தவருக்கோ ஆண்டு மாறியதும் தெரியாது, கோப்பு மாறியதும் தெரியாது. கடை வாடகையும் வேலையாள் சம்பளமும் மாதம் தவறாமல் வருவது மட்டும் அவருக்குத் தெரியும்.

பிற நாடுகள் இக்காலத்தில் டவுனிங்கின் பழைய விதியைத்தான் புதுச் சட்டமாக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவாக 30 நாள்களுக்கு மேற்படத் தாமதிக்கும் கூட்டரசுத் துறைகள் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்றது. பிரிட்டனில் 1998இல் தாமதக் கடன்களுக்கு வட்டி கேட்கும் உரிமை சிறுவணிகர்க்குக் கிடைத்தது. 2008இன் நிதி நெருக்கடியில் 10 நாளில் பணம் தருவோம் என்று அந்நாட்டு அரசு உறுதி கூறி, 2010இல் பெரும்பாலான பில்களுக்கு 5 நாள் என்று இலக்கு வைத்தது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறுதொழில் செய்வோர்க்கு 45 நாள் வரம்பு விதித்தது. வட்டி உண்டென்று சட்டம் சொன்னாலும் அரசுத் துறையிடம் வட்டி கேட்கச் சிறுவணிகர் தயங்குகிறார் என்பது வேறு. கேட்டால் அடுத்த ஆண்டு ஆர்டர் கிடைக்காதோ என்ற அச்சம் அவருக்கு. எங்கள் பள்ளிக் கடைக்காரர் வேறொரு வேலையாக இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னதும் அந்த அச்சத்தால்தான்.

பீப்ஸின் கதை முடிவு இன்னும் சொல்லப்படவில்லை. கடற்படைக்கு உணவு வழங்கும் ஒப்பந்தத்தை நெடுங்காலம் ஏற்றிருந்தவர் சர் டெனிஸ் காடன். மன்னரின் நிலுவைகளைச் சுமந்து சுமந்து அவர் செல்வம் கரைந்தது. அவர் கிளாப்பம் என்னும் ஊரில் ஒரு பெரிய மாளிகை கட்டியிருந்தார். அது பின்னர் வில் ஹ்யூவர் என்பவர் கைக்கு வந்தது. ஹ்யூவர், 1660இல் இளைஞராகப் பீப்ஸிடம் எழுத்தராகச் சேர்ந்தவர். பதவியிழந்து முதுமையுற்ற பீப்ஸ் அந்த மாளிகையில்தான் தம் பழைய எழுத்தரின் விருந்தினராகக் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1703 மே 26ஆம் நாள் அங்கேயே காலமானார். மூவாயிரம் நூல்களைக் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றிற்குச் சேருமாறு எழுதிவைத்திருந்தார். இன்றும் அவை அவர் வைத்த வரிசையில் இருக்கின்றன. உறவினருக்கு அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு கணக்கும் இருந்தது. அரசு தமக்குத் தர வேண்டிய பாக்கி 28,007 பவுன் 2 ஷில்லிங் 1¼ பென்ஸ் என்று, கால் பென்ஸ் வரை கூட்டி எழுதிய கணக்கு அது. எத்தனையோ பேருடைய பில்களில் ஒப்பமிட்ட அவருடைய அந்தப் பில்லுக்கு மட்டும் யாரும் பணம் தரவேயில்லை.